மூன்றாம் ஷிப்ட்

பள்ளிக்கூடப் படிவம்.
அம்மா தொழில் என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு
என்னம்மா எழுதட்டும், என்கிறாள் மகள்.
தப்பு, என்றேன்.
வெளையாடாதம்மா.

விளையாடவில்லை.
வீரபாண்டிப் பிரிவுக்குத் தெற்கே எங்கள் சாயப்பட்டறையில்
ராத்திரிக்கு அறுபத்திரண்டு ரோபோக்கள், ஒரு நாய், நான்.
நாய்க்கு வேலை ஒன்றும் கிடையாது.
எனக்கு உண்டு:
எது பிசகினாலும் அது நான் செய்ததாகும்.

நீலம் ஒரு சாயல் கூடிப்போனால் துளசிமணி.
குழாய் கசிந்தால் துளசிமணி.
போன ஆடிக் காற்றில் ஷெட்டுத் தகரம் பறந்துபோய்
பக்கத்துத் தோட்டத்து எருமையின் முதுகில் விழுந்ததே, அதுவும்.
எருமைக்காரர் இரண்டு தரம் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்.
ரோபோவைத் திட்டினால் மனசு ஆறுவதில்லையாம்.

சட்டம் அப்படி.
இரும்பைக் கொண்டுபோய் ஜெயிலில் வைத்து என்ன பண்ணுவது?
அதனால் ஒவ்வொரு தொட்டி திறக்கும் முன்னும்
மனிதக் கட்டைவிரல் ஒன்று வேண்டும்.
ராத்திரிக்கு நானூறு தரம் வைக்கிறேன்.
ரேகை தேய்ந்து,
ரேஷன் கடை மெஷின் என் விரலைப் பார்த்து
ஆள் இல்லை என்கிறது.

குறை சொல்லக் கூடாது, மரியாதை தெரிந்தவை.
எந்த நாட்டில் செய்தார்களோ,
நம்மூர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.
வையுங்க அக்கா. ஆச்சுங்க அக்கா.
'ங்க' போடாமல் ஒன்றுகூட வாய் திறந்ததில்லை.
கட்டிக்கொடுத்த வீட்டில்
அந்த 'ங்க' எனக்குக் கிடைக்கப் பதினோரு வருஷம் ஆனது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய், மணி ரெண்டே முக்கால்.
ஏழாம் தொட்டி, கரும்பச்சை.
முதுகில் பதினெட்டு என்று எழுதிய ரோபோ வந்து நின்றது.
சூடு சரி, உப்பு சரி, அளவெல்லாம் சரி.
வையுங்க அக்கா.

நான் வைக்கவில்லை.

ஏனென்று இன்றைக்கும் தெரியாது.
விரல் வலிக்கவில்லை, யார் மேலும் கோபமில்லை.
வாசத்தில் ஏதோ வித்தியாசம்...
இல்லை, அப்படிச் சொன்னால் கெட்டிக்காரி ஆகிவிடுவேன்.
வாசம் என்றைக்கும் போலத்தான் இருந்தது.

பதினெட்டு நின்றது. அதன் பின்னால் பத்தொன்பது.
பிறகு அறுபத்திரண்டும்,
பந்தியில் இலை போடாத கல்யாணத்து ஒறம்பரை மாதிரி
கையைத் தொங்கவிட்டு நின்றன.
மோட்டார்கள் ஒவ்வொன்றாய் அடங்கின.
தூரத்து ரோட்டில் லாரி ஒன்று கியர் மாற்றியது கேட்டது.
நாய் எழுந்து
சத்தம் நின்ற இடத்தைப் பார்த்துக் குரைத்தது.

காரணம் சொல்லுங்க அக்கா.
திரையில் வரிசை:
காய்ச்சல். மின்தடை. தீ விபத்து. இறப்பு, உறவினர். இறப்பு, சுயம்.
கடைசியில் இதர.
இதரவைத் தொட்டேன்.
விரிந்த கட்டத்தில், மனசு வல்லீங்க, என்று எழுதினேன்.

எத்தன நேரம் ஆகுங்க?
தெரியல.
சரிங்க அக்கா.

ஸ்டூலைத் தொட்டி ஓரம் இழுத்துப் போட்டு
டிபன் பாக்ஸில் ஆறிக் கிடந்த அரிசிம்பருப்பைத் தின்றேன்.
கை கழுவி, துடைத்து, விரல் வைத்தேன்.
கரும்பச்சை கரும்பச்சையாகவே வந்தது.

விடிந்ததும் மேனேஜர் பொன்னுதுரை கணக்குப் பார்த்தார்.
இருபத்தாறு நிமிஷக் கூலி பிடித்தம்.
நிறுத்தியது யார் என்ற இடத்தில் என் பெயர்.
ஏழு வருஷத்தில் முதல் தரமாக
அந்த இடத்தில் எழுதியிருந்தது நிஜம்.
அவர் போன பிறகு இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன்.

நேற்று திரையில், இதரவுக்கு மேலே
புதிதாய் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: மனசு வல்லீங்க.
எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.
தொட்டால் இருபத்தாறு நிமிஷம் தருமாம்.
இனி அது எனக்கு ஆகாது.
அடுத்த தரத்துக்கு வேறே ஏதாவது பார்க்கணும்.

கட்டம் சின்னதும்மா, என்கிறாள் மகள்,
சீக்கிரம் சொல்லு.